சும்மா இருக்கும்போதே சிபியு 40 சதவீதம், மேலே நிற்பதெல்லாம் விண்டோஸ் சர்வீஸ்கள்தான். என்ன செய்யலாம்?

புங்கோல்காற்று எழுதியது:

வணக்கம். லேப்டாப் ஃபேன் சத்தம் தாங்க முடியாமல்தான் இங்கே கேட்கிறேன். எதையும் திறக்காமல் டெஸ்க்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே சிபியு 35, 40 சதவீதத்தில் நிற்கிறது. எக்செல் ஒன்று, பிரவுசரில் நாலைந்து டேப், அவ்வளவு திறந்தாலே 80ஐத் தாண்டுகிறது, எழுத்தைத் தட்டினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரையில் வருகிறது. விண்டோஸ் 11, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, நாலு கோர், எட்டு த்ரெட் உள்ள பிராசசர். பழசுதான், ஆனால் தூக்கிப்போடுகிற அளவுக்குப் பழசில்லை.

டாஸ்க் மேனேஜரில் சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கி, அதிகம் தின்பது மேலே வருகிற மாதிரி வரிசைப்படுத்திப் பார்த்தேன். மேலே நிற்பது எதுவும் நான் போட்டதில்லை. ‘டபிள்யூஎம்ஐ ப்ரொவைடர் ஹோஸ்ட்’ 12, 13 சதவீதம், விடாமல். அடுத்து ‘சர்வீஸ் ஹோஸ்ட்: விண்டோஸ் மேனேஜ்மென்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன்’ 8, 9. ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’ வருகிறது, போகிறது. ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்று ஒன்று, அதுவும் கிட்டத்தட்ட 12. எண்ட் டாஸ்க் கொடுத்தால் கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் அதே பெயர் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் ஃபார்மட் பண்ணணும், 180 வெள்ளி, டேட்டா எடுத்துக்கொடுக்கத் தனிக் காசு என்றார்கள். வீட்டிலிருந்தே இரண்டு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், மகளுக்கும் இதில்தான் பாடம், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்க இப்போது முடியாது. வைரஸாக இருக்குமோ என்ற பயமும் இருக்கிறது, ஏனென்றால் சர்வீஸ் ஹோஸ்ட் என்ற பெயரிலேயே அறுபது எழுபது வரிசையாக ஓடுகின்றன. இது இயல்பா?


வேகமாஸ்டர் எழுதியது:

அக்கா, இதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். விண்டோஸ் கீ, ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்தி சர்வீசஸ் பட்டியலைத் திறந்து, சிஸ்மெயின், விண்டோஸ் சர்ச், விண்டோஸ் அப்டேட், டெலிவரி ஆப்டிமைசேஷன், டெலிமெட்ரி எல்லாவற்றையும் டிசேபிள் செய்துவிடுங்கள். டபிள்யூஎம்ஐயையும் சேர்த்துத்தான். அப்புறம் கமாண்ட் ப்ராம்ப்டில் எஸ்எஃப்சி ஸ்கேன் ஒன்று ஓட்டுங்கள். என் மெஷினில் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறேன், கேம் ஓட்டும்போது பறக்கிறது.


சர்வர்ரூம் எழுதியது:

தம்பி, டபிள்யூஎம்ஐயை மட்டும் தயவுசெய்து யாருக்கும் டிசேபிள் செய்யச் சொல்லாதீர்கள். செக்யூரிட்டி சென்டரில் தொடங்கி எத்தனையோ அதை நம்பி நிற்கின்றன, அதை அணைத்தால் எது எதற்காக வேலை செய்யவில்லை என்றே புரியாத மாதிரி ஆங்காங்கே கோளாறு கிளம்பும். அப்டேட் சர்வீஸை அணைத்தாலும் நிலைக்காது, அதைக் கண்காணித்துச் சரிசெய்யவே மெடிக் சர்வீஸ் என்று ஒன்றை விண்டோஸ் வைத்திருக்கிறது, கொஞ்ச நாளில் அதுவே திரும்ப எழுப்பிவிடும். நிலைத்தால் இன்னும் மோசம், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்காத கணினியில் அடுத்தவர்களின் கணக்கு வழக்கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

இப்போது அக்காவுக்கு. அறுபது எழுபது சர்வீஸ் ஹோஸ்ட் இயல்புதான், பயப்பட வேண்டாம். முன்பெல்லாம் பின்னணியில் ஓடும் பல சர்வீஸ்களை ஒரே ப்ராசசுக்குள், அதாவது ஓடுகிற ஒரே நிரலுக்குள், அடைத்து ஓட்டுவார்கள், ஒன்று விழுந்தால் கூட இருந்ததும் விழும். 2017இல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட்டிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி ப்ராசஸ் கொடுத்துவிட்டார்கள். எண்ணிக்கை கூடியது அதனால்தான், நமக்கு அதில் லாபமே, எந்தச் சர்வீஸ் தின்கிறது என்று பெயரோடு தெரிகிறது. சந்தேகமிருந்தால் அந்த வரியில் வலது சொடுக்கு, ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’. எஸ்விசிஹோஸ்ட் என்ற சர்வீஸ் ஹோஸ்டின் கோப்பு சி டிரைவில் விண்டோஸுக்குள் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருந்தால் சரி. டவுன்லோட்ஸ், டெம்ப் மாதிரி இடத்திலிருந்து ஓடினாலோ, பெயரில் ஓரெழுத்து இடம் மாறியிருந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

அடுத்தது அந்த 12, 13 சதவீதம். உங்களுக்கு எட்டு த்ரெட், அதாவது பிராசசர் ஒரே நேரத்தில் எட்டு வேலைகளை ஓட்டும். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5. ஒரு ப்ராசஸ் 12, 13இலேயே ஆணி அடித்த மாதிரி நின்றால், பெரும்பாலும் அதிலுள்ள ஒரு த்ரெட் மூச்சுவிடாமல் ஓடுகிறது, ஏதோ ஒரு லூப்பில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். நிஜமாகவே வேலை செய்கிற ப்ராசஸ் ஏறும் இறங்கும். உங்கள் ஆன்டிமால்வேர் அப்படித்தான் வந்து வந்து போகிறது, அதை விட்டுவிடுங்கள். டபிள்யூஎம்ஐயும் பிரிண்ட் ஸ்பூலரும் நிலையாக நிற்கின்றன. பார்க்க வேண்டியது இந்த இரண்டைத்தான், அதுவும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்க வாய்ப்பு குறைவு.

டபிள்யூஎம்ஐ ப்ரொவைடர் ஹோஸ்ட் தானாக எதையும் செய்வதில்லை. கோப்பிக் கடையில் கோப்பி ஆற்றுகிறவர் மாதிரி, ஆர்டர் வந்தால் ஆற்றுவார். பேட்டரி எவ்வளவு, சூடு எவ்வளவு, எந்த ப்ராசஸ் ஓடுகிறது என்று மற்ற செயலிகள் கேட்கும், இது பதில் சொல்லும். ஏதோ ஒரு செயலி நொடிக்குப் பல தடவை கேட்டால் டாஸ்க் மேனேஜரில் மாட்டிக்கொள்வது இந்தப் பாவம்தான், கேட்டவன் கீழே எங்கோ 1 சதவீதத்தில் ஒளிந்திருப்பான். எண்ட் டாஸ்க் கொடுத்தும் திரும்ப வருவது இதனால்தான், கேட்பவன் இன்னும் உயிரோடு இருக்கிறான்.

கேட்பவனைப் பிடிக்க வழி இருக்கிறது. ஸ்டார்ட்டில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறங்கள். இடப்பக்கம் ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்’, அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ், நீண்ட பட்டியல் வரும், கடைசிப் பக்கமாக இறங்கினால் ‘டபிள்யூஎம்ஐ ஆக்டிவிட்டி’. அதில் ‘ஆபரேஷனல்’. 5858 என்ற எண்ணில் சிவப்பு எரர் வரிசையாக இருந்தால் ஒன்றைத் திறந்து ‘கிளையன்ட்ப்ராசஸ்ஐடி’ என்பதற்குப் பக்கத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கம் போய், பிஐடி (ஒவ்வொரு ப்ராசசுக்கும் உள்ள எண்) பத்தியை வரிசைப்படுத்தி, அதே எண் யாருடையது என்று பாருங்கள். இதற்கு நடுவில் ரீஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதீர்கள், எண்கள் எல்லாம் மாறிவிடும். எரர் இல்லையென்றால் சொல்லுங்கள், ட்ரேஸ் லாக் என்று இன்னொன்று உண்டு, அதைச் சில நிமிடம் திறந்துவைத்துப் பார்க்கலாம்.

எஸ்எஃப்சி ஸ்கேனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அது விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பழுதா என்று பார்க்கிற கருவி, இங்கே பழுதானதாக எதுவும் தெரியவில்லை.


வேகமாஸ்டர் எழுதியது:

அண்ணே, டபிள்யூஎம்ஐ விஷயம் சரி, விட்டுவிடலாம். சிஸ்மெயினை ஏன் காப்பாற்றுகிறீர்கள்? எஸ்எஸ்டி இருக்கும்போது அது எதற்கு? பழைய சூப்பர்ஃபெட்ச்தானே பெயர் மாறி வந்திருக்கிறது.


சர்வர்ரூம் எழுதியது:

ஆமாம், விஸ்டா காலத்து சூப்பர்ஃபெட்ச்தான், அடிக்கடி திறக்கும் செயலிகளை முன்கூட்டியே ரேமில் ஏற்றிவைப்பது. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினியில் அது டிஸ்கைப் போட்டு அரைத்தால், அணைத்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. எஸ்எஸ்டியில் அதனால் பெரிய லாபமும் இல்லை, பெரிய தொல்லையும் இல்லை. ஆனால் அக்கா கொடுத்த பட்டியலில் சிஸ்மெயினே கிடையாது. பட்டியலில் இல்லாததை அணைத்துவிட்டு வேகம் வந்ததா வரவில்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஐந்தாறு சர்வீஸ்களை ஒரே நேரத்தில் அணைத்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, ஆறு மாதம் கழித்து ஸ்டார்ட் மெனுவில் தேடினால் கோப்பு கிடைக்கவில்லை என்று இதே இடத்தில் புதுக் கேள்வி வரும், விண்டோஸ் சர்ச்சை அணைத்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது.


புங்கோல்காற்று எழுதியது:

சொன்ன மாதிரியே பார்த்தேன். 5858 என்று மேலிருந்து கீழ்வரை சிவப்பாக நிற்கிறது, ஒவ்வொரு நொடியும் ஒன்றோ இரண்டோ. எல்லாவற்றிலும் ஒரே கிளையன்ட் எண், 6312. அதற்குக் கீழே ஏதோ ‘செலக்ட்’ என்று ஆரம்பித்து பேட்டரி என்று வருகிற ஒரு வாசகம். டீடெயில்ஸில் 6312ஐத் தேடினால், லேப்டாப் வாங்கும்போதே உள்ளே இருந்த கம்பெனிச் செயலி. மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படமாக இருக்கும், பேட்டரி ஆரோக்கியம், ஃபேன் வேகம், வாரண்டி நினைவூட்டல் எல்லாம் காட்டும். நீங்கள் சொன்னது போலவே அது காட்டும் சிபியு வெறும் 0.8 சதவீதம். நான் அதைத் திறந்தே பார்த்ததில்லை.

அதை அழித்துவிடலாமா? டிரைவர் எல்லாம் போய்விடுமோ என்று கை வரவில்லை.


சர்வர்ரூம் எழுதியது:

பிடித்துவிட்டீர்கள். உடனே அழிக்க வேண்டாம், முதலில் மூலையில் உள்ள படத்தில் வலது சொடுக்கு, எக்சிட். அப்படியும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் சர்வீசஸ் பட்டியலில் அதே கம்பெனிப் பெயரில் இருப்பதை ஸ்டாப் மட்டும் செய்யுங்கள், டிசேபிள் வேண்டாம். டபிள்யூஎம்ஐ கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் குற்றவாளி உறுதி.

அப்புறம் அந்தச் செயலிக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலோ தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடல் பக்கத்திலோ பாருங்கள். விண்டோஸ் மேலே மேலே அப்டேட் ஆகிக்கொண்டே போகும், இந்த மாதிரிக் கூடவே வந்த செயலிகள் வாங்கிய அன்றைய பதிப்பிலேயே உறைந்து நிற்கும், கேட்ட கேள்விக்கு எரர் வந்தால் மறுபடி கேள், மறுபடி கேள் என்று எழுதிவைத்திருப்பார்கள். புதுப் பதிப்பிலும் சரியாகவில்லையென்றால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பொதுவாக டிரைவர்கள் வேறு, இந்தச் செயலி வேறு, டச்பேடோ வைஃபையோ இதனால் நிற்காது. ஆனால் இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் எஃப்என் கீயோடு அழுத்தும் குறுக்கு விசைகள் இதை நம்பி இருக்கும். பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பும் இதற்குள் இருக்கலாம், நாள் முழுக்க சார்ஜரிலேயே வைத்து வேலை செய்கிறவர்களுக்கு அது தேவை. பல மாடல்களில் அதே அமைப்பு பயாஸிலும் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புப் பக்கம்) கிடைக்கும், அங்கே வைத்துக்கொள்ளலாம்.

பிரிண்ட் ஸ்பூலர் எளிது, அச்சு வேலைகளை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்புகிற சர்வீஸ் அது. பிரிண்டர் அணைந்திருந்தபோது எதையாவது அச்சுக்கு அனுப்பினீர்களா?


புங்கோல்காற்று எழுதியது:

அனுப்பியிருப்பாள் மகள். தொடக்கநிலை 6 படிக்கிறாள், பயிற்சித்தாள் என்று தினம் ஏதாவது அச்சடிப்பது வழக்கம். பழைய பிரிண்டரைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினோம், பட்டியலில் பழையதும் இன்னும் இருக்கிறது, அதில் எட்டுப் பத்து வேலைகள் ‘டிலீட்டிங்’ என்றே நிற்கின்றன. அழித்தாலும் போகவில்லை.


சர்வர்ரூம் எழுதியது:

அதேதான். வீட்டிலேயே இல்லாத பிரிண்டரைத் தேடிக்கொண்டு ஸ்பூலர் சுற்றுகிறது. சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை ஸ்டாப் செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று வரிசையாகப் போனால் அனுமதி கேட்கும், கொடுங்கள். பிரிண்டர்ஸ் ஃபோல்டருக்கு உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அழிக்காதீர்கள். திரும்ப ஸ்பூலரை ஸ்டார்ட் செய்துவிட்டு, செட்டிங்ஸில் பழைய பிரிண்டரை நீக்குங்கள். இதில் ஸ்பூலரை நிறுத்தாமல் அழிக்கப் பார்த்தால் ‘கோப்பு பயன்பாட்டில் உள்ளது’ என்று அடம்பிடிக்கும், வரிசை முக்கியம்.


ஜூரோங்77 எழுதியது:

எனக்கும் கிட்டத்தட்ட இதே தொல்லை, அதனால் இங்கேயே கேட்கிறேன். ஆனால் என்னுடையதில் ஒரு குறிப்பிட்ட சர்வீஸ் என்று இல்லை. எதைத் திறந்தாலும் அது 30, 40 என்று காட்டுகிறது, டாஸ்க் மேனேஜரே 20 தின்கிறது! மொத்தம் எப்போதும் 100. வைரஸ் ஸ்கேன் சுத்தம், ஈவென்ட் வியூவரில் நீங்கள் சொன்ன 5858 ஒன்றிரண்டுதான். ஃபேன் சத்தம்கூட இல்லை, அதுதான் விசித்திரம். ரீஸ்டார்ட் ஆகவே கால் மணி நேரம் ஆகிறது. சில நாள் தானாகச் சரியாகிவிடும், அலுவலகத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போல ஓடும்.


சர்வர்ரூம் எழுதியது:

ஃபேன் சத்தம் இல்லை, ஆனால் 100 சதவீதம். இந்த ஒரு வரி போதும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு படம், அதற்குக் கீழே ‘ஸ்பீட்’ என்று ஒரு எண் இருக்கும். சார்ஜர் செருகியபடி அது எவ்வளவு காட்டுகிறது, சார்ஜரை எடுத்துவிட்டால் எவ்வளவு?


ஜூரோங்77 எழுதியது:

அண்ணே! செருகியிருந்தால் 0.39. எடுத்துவிட்டால் 2.8க்குப் போகிறது, உடனே எல்லாம் வேகமாகிவிட்டது. என்ன கூத்து இது?


சர்வர்ரூம் எழுதியது:

வீட்டில் வேறு சார்ஜர் போடுகிறீர்கள், அலுவலகத்தில் ஒரிஜினல். சரியா? சார்ஜர் தரும் மின்சாரம் போதவில்லை என்றோ, அது யாரென்றே தெரியவில்லை என்றோ மதர்போர்டு முடிவுசெய்தால், பிராசசருக்கு ‘வேகத்தைக் குறை’ என்று ஒரு சிக்னல் போகும். அதிக சூட்டுக்குப் போகிற அதே வழிதான். பிராசசர் 0.4, 0.8 கிகாஹெர்ட்ஸ் மாதிரி அடிமட்டத்துக்கு இறங்கி அங்கேயே நிற்கும். அந்த வேகத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறப்பதே அதற்குப் பெரிய வேலை, அதனால்தான் ஒன்றுமில்லாத சர்வீஸ் எல்லாம் 30, 40 என்று காட்டுகிறது. சதவீதம் என்பது இருக்கிற வேகத்தில் எவ்வளவு என்றுதான் சொல்லும், இருக்கிற வேகமே சுருங்கிப்போனதை அது சொல்லாது. இதைப் பார்க்காமல் சர்வீஸ் சர்வீஸாக அணைத்துக்கொண்டு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லேப்டாப்பின் அடியில் எத்தனை வாட் கேட்கிறது என்று எழுதியிருக்கும், சார்ஜரின் முதுகிலும் எழுதியிருக்கும். 65 வாட் கேட்கிற லேப்டாப்புக்கு டைப் சி முனை பொருந்துகிறதே என்று 30 வாட் ஃபோன் சார்ஜரைச் செருகினால் பேட்டரி மெல்ல ஏறும், வேகம் படுத்துவிடும். கேபிளையும் பாருங்கள், 60 வாட்டுக்கு மேல் தாங்காத கேபிள்கள் நிறைய. வட்ட முனைச் சார்ஜர் என்றால் நடுவிலுள்ள மெல்லிய ஊசி வளைந்திருந்தாலும் இதே கதைதான், சில தயாரிப்புகளில் சார்ஜரை அடையாளம் காண்பது அந்த ஊசி வழியாகத்தான்.


ஜூரோங்77 எழுதியது:

65 கேட்கிறது. வீட்டில் இருப்பது 45, ஆன்லைனில் மலிவாக வாங்கியது. நாளைக்கு அலுவலகத்துச் சார்ஜரைக் கொண்டுவந்து பார்க்கிறேன். நன்றி அண்ணே.


தேக்காத்தம்பி எழுதியது:

இந்த ஸ்பீட் எண்ணை நானும் பார்த்தேன். எனக்குச் செருகினாலும் எடுத்தாலும் ஒரே மாதிரிதான், ஆனால் மதியத்தில் 3.5 கிகாஹெர்ட்ஸில் ஆரம்பித்து அரை மணி நேரத்தில் 1.2க்கு இறங்கிவிடுகிறது. ராத்திரி ஏர்கான் போட்டால் இறங்குவதில்லை. அதோடு டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கத்தில் ‘சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்’ 90 சதவீதம் தின்கிறது, அதை எப்படி நிறுத்துவது?


சர்வர்ரூம் எழுதியது:

ஐடில் ப்ராசஸை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். 90 என்றால் பிராசசரில் 90 சதவீதம் சும்மா இருக்கிறது என்று பொருள். அது குறைந்தால்தான் கவலை. ‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ என்று பக்கத்தில் இன்னொன்று இருக்கும், அதுதான் கவனிக்க வேண்டியது. சாதாரணமாக 1 சதவீதத்துக்குக் கீழே கிடக்கும், அது 5, 10 என்று நிலையாக நின்றால் ஏதோ ஹார்டுவேரோ டிரைவரோ தொந்தரவு செய்கிறது, யூஎஸ்பியில் செருகியதை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

மதியம் இறங்குவது சூடு. நம் ஊரில் ஏர்கான் இல்லாத அறை மதியம் 31, 32 டிகிரி, ஃபேன் உள்ளே இழுப்பதே வெந்நீர் ஆவி மாதிரி காற்று. மெத்தை மேல் வைத்தால் அதுவும் அடைபடும். அடிமூடியைத் திறந்து, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கின் ஓரத்தில் பாருங்கள், துணிப் பஞ்சு மாதிரி தூசு ஒரு படலமாக அடைத்திருக்கும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிட்டு ஊதினால் பேரிங் போய்விடும். திறந்து பழக்கமில்லையென்றால் கடையில் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மட்டும் மாற்றச் சொல்லுங்கள், ஃபார்மட் பேச்சை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.


தேக்காத்தம்பி எழுதியது:

சரி அண்ணா. இது விண்டோஸ் 10. அப்டேட் வரும் நாளில் ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்’ என்று ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதையும் விட்டுவிடலாமா?


சர்வர்ரூம் எழுதியது:

விட்டுவிடலாம். அப்டேட்டைப் பிரித்து அதனதன் இடத்தில் வைப்பது அதன் வேலை, நடுவில் கொன்றால் அப்டேட் பாதியில் நிற்கும், அப்புறம்தான் நிஜமான எஸ்எஃப்சி வேலை வரும். ராத்திரி சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். மறுநாளும் அதே அளவில் நின்றால் கேளுங்கள்.

விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, தெரியும்தானே? வீட்டுக் கணினிகளுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் என்று ஒன்று அறிவித்தார்கள், செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே பதிவுசெய்யலாம். அப்டேட் உங்களுக்கு இன்னும் வருகிறது என்றால் ஒருவேளை அதில் இருக்கிறீர்கள், எதற்கும் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.


புங்கோல்காற்று எழுதியது:

செய்து முடித்தாயிற்று. கம்பெனிச் செயலியை எக்சிட் செய்ததுமே டபிள்யூஎம்ஐ 0க்குப் போய்விட்டது. ஸ்டோரில் புதுப் பதிப்பு இருந்தது, போட்டேன், இப்போது அதுவும் ஓடுகிறது, டபிள்யூஎம்ஐயும் சும்மா இருக்கிறது, 5858 புதிதாக எதுவும் சேரவில்லை. ஸ்பூலர் ஃபோல்டரில் மகளின் பயிற்சித்தாள் எல்லாம் கோப்புக் கோப்பாகக் கிடந்தன, அழித்தேன், பழைய பிரிண்டரையும் நீக்கினேன். எதுவும் திறக்காமல் 2, 3 சதவீதம். ஃபேன் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒன்றே ஒன்று பாக்கி. மதியம் சாப்பிட எழுந்து போய்த் திரும்பினால் ஃபேன் வேகமாகச் சுற்றுகிறது, மௌஸைத் தொட்டதும் அடங்கிவிடுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன், அந்த ஆன்டிமால்வேர்தான். இதுவும் கோளாறா?


சர்வர்ரூம் எழுதியது:

இல்லை, அது டிஃபெண்டர், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு. திட்டமிட்ட ஸ்கேனை நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து ஓட்டும், ஸ்கேனுக்குச் சராசரியாக 50 சதவீதம் என்று இயல்பான சிபியு வரம்பு உண்டு, ஆனால் கணினி சும்மா இருக்கும்போது ஓடும் ஸ்கேனை அது இயல்பில் கட்டுப்படுத்தாது. பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் அந்த வரம்பை 20, 30 என்று குறைக்கலாம், ஆனால் நீங்கள் இல்லாதபோது ஓடும் ஸ்கேனுக்கு அது மட்டும் போதாது. கணக்குக் கோப்பு ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கிவைக்கச் சொல்லி சில இடங்களில் எழுதியிருப்பார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள், மெயிலில் வருகிற இன்வாய்ஸ் எல்லாம் வந்து விழுகிற இடமே அதுதானே.

இன்னொன்று, கணினி மெதுவாகிவிட்டது, வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணைக் கூப்பிடு என்று பிரவுசரில் சிவப்பாக ஏதாவது குதித்தால் கூப்பிடாதீர்கள், டேபை மூடுங்கள். மூட முடியாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசருக்கு எண்ட் டாஸ்க். யாராவது ஃபோனில் அப்படிப் பேசினால் வைத்துவிட்டு 1799இல் கேளுங்கள், சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி எண், ஸ்கேம்ஷீல்டு.


வேகமாஸ்டர் எழுதியது:

அந்த 5858 வேலையை என் மெஷினிலும் பார்த்தேன் அண்ணே. கீபோர்டுக்குக் கலர் விளக்கு மாற்றுகிற செயலி ஒன்று நிமிடத்துக்கு நூறு தடவை கேட்டுக்கொண்டிருக்கிறது! ஆனால் சிபியு ஏறவில்லை. இதையும் எடுக்கணுமா?


சர்வர்ரூம் எழுதியது:

சிபியு ஏறவில்லை என்றால் விளக்கு எரியட்டும் தம்பி. அப்டேட் சர்வீஸை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள்.